வண்டிக்கு ஊற்றுவதும் இடுபொருள்தான்

யூரியா வாங்குவதில்லை, பூச்சிமருந்துக் கடைப் பக்கம் போவதில்லை, விதையும் சொந்த விதைதான் என்று சொல்லும் நம் தோட்டங்களிலும் மாதாமாதம் வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்கி ஊற்றும் ஒரு பொருள் இருக்கிறது. டீசல். இடுபொருள் செலவுக் கணக்கில் அதை யாரும் எழுதுவதில்லை. "வண்டிச் செலவு" என்று தனியாக ஒரு வரியில் போட்டு, டயர், இன்சூரன்ஸ், டிரைவர் பேட்டா எல்லாவற்றோடும் கலந்து விடுகிறோம். கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

நான் வங்கியில் இருந்த காலத்தில் பிக்கப் வண்டிக்குக் கடன் கேட்டு வரும் திட்ட அறிக்கைகளை நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றோ 15 என்றோ ஓர் எண் இருக்கும். வண்டி விற்பவர் சொன்ன எண் அது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பரிசோதனைக் கூடத்தில் உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, இந்த நொடியில் இந்த வேகம் என்று வகுத்து வைத்தபடி ஓட்டி எடுக்கிற எண்ணிக்கை. அங்கே சேறு கிடையாது, மேடு கிடையாது, எரு மூட்டையும் கிடையாது. அந்த எண்ணை நம் ஓடைப் பாதைக்குக் கொண்டுவந்தால் எப்படிச் சரிவரும்?

அமெரிக்காவில் இதைவிட வேடிக்கை. ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற பெரிய பிக்கப்புகளை அங்குள்ள பண்ணைக்காரர்கள் மாட்டு டிரெய்லர் இழுக்க வைத்திருக்கிறார்கள். மொத்த எடை 8,500 பவுண்டுக்கு மேல், அதாவது நம் கணக்கில் 3,850 கிலோவுக்கு மேல் போனால் மைலேஜ் அட்டையே ஒட்ட வேண்டியதில்லை என்பது அங்கே விதி. காருக்கு எழுதியிருக்கும், அதிகம் குடிக்கிற வண்டிக்கு எழுதியிருக்காது. ஆக அங்கேயும் பண்ணைக்காரர் தன் வண்டியைத் தானேதான் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. டேங்கை நிரப்புங்கள், கிலோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறையும் அதே பங்க்கில், துப்பாக்கி தானாக "டக்" என்று நிற்கும்வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வராமல் ஐந்து தடவை சராசரி எடுங்கள். இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது, நோட்டில் இன்னொரு பத்தி போடுங்கள் என்பது. அந்த நடையில் என்ன ஏற்றினோம், எத்தனை கிலோ.

ஏன் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். நம்மிடம் இருப்பது பெரும்பாலும் பொலிரோ பிக்கப், கேம்பர், டாடா யோதா, இசுசு டி-மேக்ஸ் வகை வண்டிகள். பாரம் ஏற்றினால் மொத்தம் சுமார் 3 டன். தார் ரோட்டில் காலியாகப் போனால் 13 கிலோமீட்டர், 1.25 டன் ஏற்றினால் 10, 300 கிலோ மட்டும் ஏற்றினால் 12 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் தூரத்தில் எரு வாங்கப் போகிறோம். போகும்போது காலி, 3.1 லிட்டர். வரும்போது 1.25 டன், 4 லிட்டர். ஆக 7.1 லிட்டர், மைலேஜ் 11.3. இன்னொரு நாள் அதே ஊருக்குப் போய் 300 கிலோ புண்ணாக்கு மட்டும் ஏற்றி வருகிறோம். 6.4 லிட்டர், மைலேஜ் 12.5. டிரைவர் என்ன சொல்லுவார்? "சார், இந்தத் தடவை வண்டி நல்லா குடுத்திருக்கு." பாரத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோவது ஒரு டன்-கிலோமீட்டர். முதல் நடையில் ஒரு லிட்டர் டீசல் 7 டன்-கிலோமீட்டர் வேலை செய்தது. இரண்டாவது நடையில் 2 கூட இல்லை. "நல்லா குடுத்த" நடையில்தான் கிலோவுக்கு மூன்றரை மடங்குக்கு மேல் டீசல் போயிருக்கிறது.

அதனால் ஓவர்லோடு அடிக்கலாம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். காகிதத்தில் டன்னுக்கு டீசல் குறையும் என்பது உண்மை. ஆனால் பட்டை, டயர், பிரேக் மூன்றும் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். விபத்து என்று வந்துவிட்டால், ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் எடையைத்தான் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பார்.

எரு எவ்வளவு தூரம் வரலாம்?

இந்தக் கணக்கு இயற்கை விவசாயிக்கு ஏன் கூடுதலாக வலிக்கிறது என்றால், நம் சரக்கு கனமானது. ரசாயனக்காரர் ஒரு மூட்டையை டூவீலரில் வைத்துக் கொண்டுபோய் விடுவார். நாம் டன் கணக்கில் இழுக்கிறோம். தொழு உரம் எக்டேருக்கு 12.5 டன் என்று வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஏக்கருக்கு 5 டன். மேலே சொன்ன வண்டியில் 4 நடை. 40 கிலோமீட்டர் தூரம் என்றால் ஏக்கருக்கு 28 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால்கூட 2,600 ரூபாய் பங்க்கிலேயே இறங்கிவிடுகிறது. எரு விலை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி தனி. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமிலவாயு வெளியே வரும். ஏக்கருக்கு 75 கிலோவுக்கு மேல். மண்ணுக்குள் கரிமத்தைச் சேர்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் இதையும் செய்கிறோம்.

இன்னொன்று. பச்சைச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நன்றாக மக்கிய எருவிலும் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். 40 கிலோமீட்டர் தூரம் டீசல் எரித்து நாம் இழுத்து வருவதில் பெரும்பகுதி, நம் கிணற்றிலேயே இருக்கிற பொருள்.

இதனால் வெளி எருவே கூடாது என்கிறேனா? இல்லை. முதல் இரண்டு வருடம், செத்துக் கிடக்கும் மண்ணை எழுப்ப வெளியிலிருந்து கொண்டுவந்துதான் ஆக வேண்டும். அதற்குப் பிறகும் வருடா வருடம் தூரத்திலிருந்து லோடு அடித்துக்கொண்டிருந்தால்தான் கேள்வி. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை சைக்கிள் கேரியரில் வந்துவிடும். 45 நாளில் பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், அந்த 5 டன் எருவில் இருக்கும் தழைச்சத்துக்கு ஏறக்குறைய ஈடாகிவிடும். பலதானிய விதைப்பும் அப்படித்தான். ஜீவாமிர்தத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ சாணம் போதும், அது நம் தொழுவத்திலேயே கிடைக்கும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது ஆட்டுக் கிடை. ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த காலத்தில் மந்தையோடு வருகிறார்கள். எரு நான்கு காலில் தானே நடந்து வந்து, வயல் முழுக்கத் தானே இறங்கிவிட்டுப் போகிறது. ஏற்றுக்கூலி இல்லை, இறக்குக்கூலி இல்லை. கிடைக் கூலியைக் கணக்கில் எழுதும்போது, வராமல் போன நான்கு நடை வண்டியையும் பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள்.

பாதை குடிக்கும் டீசல்

வண்டியை உருட்ட எவ்வளவு இழுவை வேண்டும் என்பது தரையைப் பொறுத்தது. நல்ல தார் ரோட்டில் 100 கிலோ எடைக்கு ஒன்றரை கிலோ இழுவை போதும். இறுகிய மண் பாதையில் 4, 5 கிலோ. உதிரி மணலிலும் சேற்றிலும் 10 முதல் 30 கிலோ வரை. நம் 3 டன் வண்டிக்குப் போட்டுப் பாருங்கள். தார் ரோட்டில் 45 கிலோ, மண் பாதையில் 150 கிலோ, ஓடை மணலில் 300 கிலோவுக்குக் குறையாது. இன்ஜின் ஒன்றுதான், டீசல் ஒன்றுதான், தரை மாறினால் வேலை ஆறு, ஏழு மடங்கு ஆகிறது.

இதைப் படித்துவிட்டுச் சொந்தத் தோட்டத்துக்குள் இருக்கும் 300 மீட்டர் பாதையை நோண்ட ஆரம்பிக்காதீர்கள். அந்தத் தூரத்துக்கு மிச்சமாகும் டீசல் ஒரு டீ காசுகூட வராது. பார்க்க வேண்டியது ஊர்ப் பொது வண்டிப் பாதையை. தார் ரோட்டிலிருந்து தோட்டங்களுக்குப் போகும் பாதை 3 கிலோமீட்டர் என்றால் போய்வர 6. குண்டும் குழியுமாக, முதல் கியரும் இரண்டாம் கியருமாகப் போனால் லிட்டருக்கு 5. கிராவல் அடித்து, நடு முதுகு உயர்த்தி, இரண்டு பக்கமும் தண்ணீர் வடிய வாய்க்கால் எடுத்து இறுக்கினால் 9 வரும் என்று வையுங்கள். நடைக்கு அரை லிட்டர் மிச்சம். அந்தப் பாதையில் 10 பேர் வண்டி, ஆளுக்கு வருடம் 200 நடை என்றால் 1,000 லிட்டர். 92,000 ரூபாய். வருடா வருடம். கிராம சபையில் பாதைக்குத் தீர்மானம் கேட்கும்போது "கஷ்டமா இருக்குங்க" என்று மட்டும் சொல்லாமல் இந்தக் கணக்கையும் எழுதிக் கொடுங்கள். கணக்கோடு வரும் மனுவை ஒதுக்குவது கொஞ்சம் சிரமம். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன். பாதை ஓரத்தில் வெட்டிவேரை வைத்துவிட்டால் மழையில் கரை சரியாது.

மலைக்காரர்களுக்கு வேறு கணக்கு. மேலே தூக்குவதற்கு ஆகும் டீசலை எந்த ஓட்டுநர் நினைத்தாலும் குறைக்க முடியாது, அது எடைக்கும் உயரத்துக்கும் உள்ள விஷயம். டீசலில் இருக்கும் சக்தியில் சுமார் 30 சதவீதம் சக்கரத்துக்கு வருகிறது என்று எடுத்தால், 3 டன்னை 100 மீட்டர் உயரம் தூக்கக் கால் லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். இது ஏற்றத்துக்கு மட்டும், பாதையின் இழுவை தனி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் இரண்டரை லிட்டர் வெறும் தூக்கக் கூலியாகவே போயிருக்கும். ஆகவே மலைக்கு எடுத்துப்போவதில் எது தேவை, எது இல்லை என்று பார்ப்பதே சேமிப்பு. தண்ணீர் ட்ரம், ஸ்டெப்னி போக இன்னொரு பழைய டயர், போன மாதம் இறக்க மறந்த சிமெண்டு மூட்டை எல்லாம் வண்டியிலேயே ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். சிறுமலையில் வாழையும் எலுமிச்சையும் பாதை இல்லாத சரிவுகளிலிருந்து இன்றும் குதிரை முதுகில் ரோட்டுக்கு வருகிறது. வண்டி போக முடியாத இடத்துக்கு வண்டிப் பாதை வெட்டுவதைவிட அது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். மலைச்சரிவும் மிஞ்சும்.

இறக்கத்தைப் பற்றி ஒரு தம்பியோடு எனக்கு நடந்த வாக்குவாதம் இது. "சார், இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசலே குடிக்காது." இல்லை தம்பி, குடிக்கும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டிருக்க டீசல் வேண்டுமே. கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இப்போதைய காமன் ரெயில் இன்ஜின்களில் கம்ப்யூட்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். கியரில் இறங்குவதுதான் உண்மையில் டீசல் குடிக்காத இறக்கம். பிரேக்கும் சூடேறாது. பாரத்தோடு நியூட்ரலில் இறங்கி பிரேக் பிடிக்காமல் போனால் பிறகு மைலேஜைப் பற்றிப் பேச ஆள் இருக்க மாட்டோம். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இதைத்தான்.

நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமா?

புதிதாகத் தோட்டம் வாங்குகிறவர்கள், குறிப்பாகச் சென்னை, பெங்களூரிலிருந்து வருகிறவர்கள், முதலில் கேட்பது ஃபோர்-வீல் வண்டி. வருடத்தில் எத்தனை நாள் வண்டி சேற்றில் சிக்குகிறது? பத்து நாள் என்றால் அந்தப் பத்து நாளைக்கு ஒரு டிராக்டரைக் கூப்பிடலாம். முன் பக்கத்து டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ், கூடுதல் ஷாஃப்ட் எல்லாம் மிச்ச 355 நாளும் வண்டியோடு ஏறிக்கொண்டே வரும். அந்த எடைக்கும் உராய்வுக்கும் தினமும் டீசல் போகும்.

மலையிலும் வண்டல் பூமியிலும் இருப்பவர்களுக்கு அது தேவைதான். வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்-ஹையில் ஓட்டாதீர்கள். நம் பிக்கப் வண்டிகளில் முன் அச்சும் பின் அச்சும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும், பூட்டியிருப்பதால் போக முடியாமல் டயர் தேய்ந்து, பல்சக்கரம் முறுக்கேறி, டீசலும் வீணாகும். சேற்றில் இதற்கு நேர்மாறு. சக்கரம் சுழல ஆரம்பித்த பிறகு நெம்புகோலைத் தேடாமல், சேற்றில் இறங்கும் முன்பே ஃபோர்-லோ போட்டு மெதுவாக, நிறுத்தாமல் போய்விடுங்கள். இருந்த இடத்திலேயே சுழலும் சக்கரம் குடிக்கும் டீசலுக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. பள்ளம் மட்டும் ஆழமாகும்.

டயர் காற்றும் இதே மாதிரி இரண்டு முகம் உள்ளது. மணலிலும் சேற்றிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் அகலமாக உட்காரும், வண்டி புதையாது, மண்ணும் குறைவாக இறுகும். அது நம் நிலத்துக்கும் நல்லது. அதே காற்றோடு தார் ரோட்டுக்கு வந்தால் டயர் சூடாகி, வண்டி இழுக்க ஆரம்பித்துவிடும். எனவே காற்று இறக்குகிறவர் கையில் ஒரு சிறிய ஏர் பம்பும் இருக்க வேண்டும். பாரம் ஏற்றினால் எவ்வளவு, காலியாக எவ்வளவு என்று கையேட்டிலும் கதவோரத்து அட்டையிலும் போட்டிருக்கும். பஞ்சர் கடைக்காரர் கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு அது இல்லை. பெரிய பெரிய முடிச்சுகள் உள்ள சேற்று டயர் பார்க்க அழகாக இருக்கும், தார் ரோட்டில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதற்குத் தனிக் கூலி கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. 60-லிருந்து 80-க்குப் போனால் எதிர்க்காற்றின் தடை ஏறக்குறைய 1.8 மடங்கு ஆகிறது. பிக்கப் வண்டியின் முகம் சுவர் மாதிரி, பின்னால் திறந்த தொட்டி, அதற்கு மேல் படபடவென்று அடிக்கும் தார்ப்பாய். தார்ப்பாயை இழுத்துக் கட்டினாலே வித்தியாசம் தெரியும். மத்திய அரசின் பெட்ரோலியச் சேமிப்பு அமைப்பு பல வருடங்களாக 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தைத்தான் சிக்கன வேகம் என்று சொல்லி வருகிறது. காய்கறிச் சந்தைக்கு விடியற்காலை 4 மணிக்குப் போகிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அரை மணி நேரம் முன்னால் கிளம்பினால் சரியாகிவிடும் என்றும் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சிரித்தார்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று சைலன்சர் குழாயில் இருக்கிறது. டி.பி.எஃப். என்பார்கள். கரி சேர்ந்தவுடன் வண்டி தானே கொஞ்சம் கூடுதல் டீசலை விட்டு அந்தக் கரியை எரித்துக்கொள்ளும். அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடாகி, தொடர்ந்து சற்று வேகமாக ஓட வேண்டும். தோட்டத்திலிருந்து வீடு, வீட்டிலிருந்து டீக்கடை என்று இரண்டு, மூன்று கிலோமீட்டராகவே ஓட்டினால் எரிப்பு பாதியிலேயே நின்று, மறுபடி ஆரம்பித்து, மறுபடி நின்று, டீசலும் போய் விளக்கும் எரியும். அந்தத் தூரத்துக்கு டூவீலரை எடுங்கள். ஏற்றி இறக்கும்போது இன்ஜினை ஓடவிட்டு நிறுத்திவைப்பதும் கரி சேர்க்கும் வேலைதான். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் போகும்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், காசில்லாத வேலை. பத்து கிலோமீட்டர் ஓடிவந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் நடுவிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் மட்டும் "சுர்" என்றால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும். தூசிப் பாதையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரைக் கையேட்டில் சொல்வதைவிடச் சீக்கிரம் பாருங்கள். அடைத்துக்கொண்டால் ஏற்றத்தில் இழுக்காது, கறுப்புப் புகை வரும்.

டீசல் குழாயில் காந்தம் கட்டினால் 20 சதவீதம் மிச்சம், டேங்கில் மாத்திரை போட்டால் மைலேஜ் கூடும் என்று சந்தையில் விற்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாமான்களைச் சோதித்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில் மட்டும் ஏதோ கொஞ்சம் பலன் தெரிந்தது. நம் சந்தைக்கு அந்தச் சில மட்டும் பொறுக்கி எடுத்து வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. புங்க எண்ணெயைப் பற்றியும் கேட்கிறீர்கள். பழைய மெதுவான ஆயில் இன்ஜின் பம்புசெட் அதைத் தாங்கும். காமன் ரெயில் பிக்கப்பில் வடிகட்டிய பச்சை எண்ணெயை ஊற்றினால் பிசின் பிடித்து இன்ஜெக்டர் அடைத்துவிடும். அதை முறைப்படி பயோடீசலாக மாற்றிக் கலப்பது வேறு விஷயம். 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் கலக்க வேண்டும் என்பது மத்திய அரசின் உயிரி எரிபொருள் கொள்கையில் உள்ள இலக்கு.

மறுபடி பாரத்துக்கே வருகிறேன், டீசல் அதிகம் மிச்சமாகும் இடம் அதுதான். எங்கள் பகுதியில் நாங்கள் ஐந்து பேர் வாரத்தில் இரண்டு நாள் ஒரே வண்டியில் சரக்கு அனுப்புகிறோம். முன்பு ஐந்து வண்டிகள் ஆளுக்கு 200, 250 கிலோவோடு போய்க் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. டீசல் காசை ஆள் கணக்கில் பிரிக்காமல் கிலோ கணக்கில் பிரிக்கிறோம். தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் கீரை போடுகிறவர் நஷ்டப்பட்டு இரண்டாவது வாரமே விலகிவிடுவார். வாழை போடுகிறவருக்கு முதலில் இது பிடிக்கவில்லை, நோட்டைக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார். திரும்பும்போது புண்ணாக்கோ தவிடோ ஏற்றி வந்தால் அந்த வருகைக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பதில் மட்டும் இன்னும் பேச்சு முடியவில்லை. மாடு வைத்திருப்பவர்கள் இரண்டு பேர், வைத்திருக்காதவர்கள் மூன்று பேர். வண்டி எப்படியும் திரும்பித்தானே ஆகணும், அதற்கு நான் ஏன் தரணும் என்கிறார் ஒரு மாட்டுக்காரர். கூடுதல் பாரத்துக்கு ஆகும் டீசலையாவது கொடுங்கள், அது ஒரு லிட்டர்தான் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.